அரைப் பேர்

பயோஸைப் புதுப்பிக்கும்போது கரண்ட் போனதால், தோட்ட ஆபிஸ் கம்ப்யூட்டர் மூன்று நாளாகக் கிளம்பவில்லை. பதுளை கம்ப்யூட்டர் கடையிலிருந்து அன்று காலைதான் வந்த முகுந்தன் பிளாப்பியைப் போட்டு அதை மீட்டான். முதலில் திறந்தது, வேலைக்கு வந்தவர்களின் செக்ரோல். கடைசி வரியில் அவனுடைய பெயர் இருந்தது. முந்தின மூன்று நாளுக்கும் முழுப் பேர், அதாவது முழு நாள் வேலைக் கணக்கு, விழுந்திருந்தது. இன்றைக்கு மட்டும், மதியம்வரைக்கும், அரைப் பேர்.

“மெஷின் செத்துக் கெடந்துச்சே, இத யாருங்க போட்டது?”

கிளாக்கர் தவமணி எட்டிப் பார்த்தார். “பேர் விழுந்தா விழுந்ததுதான் தம்பி.”

முகுந்தன் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி கிளப்பினான். வரி அங்கேயே இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் மலையிலிருந்து கங்காணி கூப்பிட்டார்.

“எங்க போற? இன்னும் அரைப் பேரு கெடக்கு.”

ஆள் தெரியாமல் கூப்பிடுகிறார் என்று கையை ஆட்டினான். உள்ளங்கையெல்லாம் கத்தி பிடித்த கொப்புளங்கள், மூன்று நாள் பழையவை.