நூற்றுப் பதின்மூன்றாவது சீட்டு

"'பேய்க்குச் சளி பிடிச்சிருக்கு, முதல்ல மாத்திரை கொடுங்க.' இதை எழுதின புண்ணியவான் யாரு?" நெஸ்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"நர்ஸிங் ரெண்டாம் வருஷம், கூயா," என்றாள் லிகாயா. மூத்த பையன்களை அண்ணா என்று கூப்பிட அவர்கள் ஊரில் கூயா.

"அதான் பார்த்தேன்."

லிகாயா சிரிக்கவில்லை.

லிகாயா எடுத்த படம் ஏழு நிமிடம்தான். ஆற்றில் செத்துப்போன பையன் ஈர ஷூவோடு விடுதிப் படியேறி வருகிறான். காலையில் கல்லூரி அரங்கில் திரையிட்டார்கள். அலற வேண்டிய இடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் கருத்து எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் பெயர் இருந்தால் அவரவர் ஆசிரியர் கூடுதல் மதிப்பெண் தருவார், அதனால்தான். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. அவற்றிலிருந்து என்ன கற்றுக்கொண்டாள் என்று அவள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அடுத்தது. 'படியேறும்போது இடது ஷூ நாடா வெள்ளை. மாடிக்கு வந்ததும் நீலம். பேய் நடுவில் கடைக்குப் போனதா?'" நெஸ்டர் தலையில் அடித்துக்கொண்டான். "இதோட எத்தனை பேரு?"

"நாற்பது பேருக்கு மேல."

"மானம் போச்சு. என்னைக் கூப்பிட்டிருந்தா இது நடந்திருக்குமா?"

நடந்திருக்காது. அந்தக் கல்லூரியில் யார் படம் எடுத்தாலும் காட்சித் தொடர்ச்சி பார்க்க நெஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள். முந்தின ஷாட்டில் டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, எல்லாம் அவனுக்கு நினைவிருக்கும். தப்பு கண்ணில் பட்டுவிட்டால், அதைச் சொல்லி முடிக்கும்வரை தின்ற சோறு செரிக்காது.

"உங்களுக்கு வேலை இருக்கும்னு நினைச்சேன், கூயா."

நெஸ்டர் சீட்டுகளைக் கீழே வைத்தான். குரலைத் தணித்தான்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இந்தப் படத்தை இதோட விட்டுடு. உன் தம்பி போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அர்னெல் நிம்மதியாத் தூங்கட்டும். அவனை ஏன் படியேற விட்டுச் சிரிப்பாக்கறே?"

"அம்மா தூங்கலையே. அவனுக்கு ஆறுன்னாலே பயம், அங்க தனியா ஏன் போனான்னு ஜெபமாலையை உருட்டிக்கிட்டே கேட்டுட்டிருக்காங்க."

"குடிச்சிருப்பான். அந்த வயசு அப்படி."

"உங்க மாணவர் சங்கத்துல சேரப் போறேன்னுதானே வீட்டுல இருந்து கிளம்பினான்?"

"கிளம்பினான். வந்து சேரலையே! போலீஸ்லயும் அதைத்தானே சொன்னோம். அந்த வாரம் பூரா அவன் முகத்தையே நாங்க யாரும் பார்க்கல." நெஸ்டர் பெருமூச்சு விட்டான். "எனக்கும் அவன் தம்பி மாதிரிதான், லிகாயா."

"தெரியும். அவன்கூட அன்னிக்கு யாரு இருந்தாங்கன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

"பேய்ப்படம் எடுத்தா தெரிஞ்சிடுமா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கேட்டருகே மீன் உருண்டை பொரிக்கிறவன் வண்டிக்கு மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டான்.

"சரி, அறிக்கையாவது எழுதுவோம்," என்றாள் லிகாயா. "எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. நீலத்தைக் கழட்டிட்டு, ரெண்டு கால்லயும் வெள்ளை போட்டு அந்த ஷாட்டைத் திரும்ப எடுத்துடறேன். சரிதானே?"

நெஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"வெள்ளையும் தப்பு! அவனுங்க படத்தைப் பார்த்துச் சொல்றானுங்க, அவனுங்களுக்கு என்ன தெரியும்? தம்பியைப் பத்தி எடுக்கறே, அதை ஒழுங்கா எடு. வலது கால்ல வெள்ளை. இடது கால்ல சிவப்பு. அது நாடாகூடக் கிடையாது, ஏதோ கயிறு. முனையில குஞ்சம் வேற தொங்கும்."

"சிவப்பா?"

"நல்ல அக்கா போ! எப்பவும் அதை மாட்டிக்கிட்டுத்தானே திரிவான். நீ மறந்துட்டியா?"

"மறக்கல, கூயா." ஒரு வெற்றுச் சீட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "இதையும் எழுதிக் கொடுங்க. அறிக்கையோட சேர்க்கணும்."

"எனக்கு எந்த வாத்தியார் மதிப்பெண் போடப் போறாரு?" சிரித்துக்கொண்டே எழுதினான். வலது வெள்ளை, இடது சிவப்புக் கயிறு, முனையில் குஞ்சம். தொடர்ச்சிக் குறிப்பு எழுதி எழுதிப் பழகிய கை, கேட்காமலே கீழே முழுப் பெயர், வகுப்பு, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டது.

"போயிச் சாப்பிடுங்க. நான் பூட்டிட்டு வர்றேன்."

அவன் விசிலடித்தபடி படியிறங்கினான். லிகாயா அந்தச் சீட்டை மற்றவற்றோடு சேர்க்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த நீல நாடாவைக் கடை கடையாகத் தேடி வாங்கி, வேண்டுமென்றேதான் மாட்டியிருந்தாள்.

அர்னெல் எப்போதும் கட்டியது இரண்டு காலிலும் வெள்ளை நாடாதான். சங்கத்துக்குக் கிளம்பிய அந்த மாலை வாசலில் இடது நாடா அறுந்துவிட, ஜன்னல் திரைச்சீலையின் சிவப்புக் கயிற்றை வெட்டிக் கட்டி அனுப்பியவள் லிகாயா. மறுநாள் ஆற்றிலிருந்து தூக்கியபோது அவன் காலில் ஷூவே இல்லை.