ஆனந்தி வீட்டுப் பதிவு

பெருமாள்மலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் நுழையும்போதே ஷர்மிளாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது.

பின்னே? பச்சைக் குழந்தை பேச்சொலிகளை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. மூன்று வருஷ உழைப்பு. பத்து வீட்டுக்கு ரெக்கார்டர் கொடுத்திருந்தாள். பெற்றவள் பேச்சு மட்டும்தான் பதிவாகணும் என்று அங்கன்வாடி அன்னக்கொடியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஒன்பது வீடு ஒழுங்கு. இந்த ஆனந்தி வீட்டுப் பதிவில் மட்டும் ஏழு பெண்கள்! இதில் பெற்றவள் யாரென்று கம்ப்யூட்டர் எங்கே போய்த் தேடும்?

ஆனந்தி வாசலில் நின்றாள், இடுப்பில் எட்டு மாதப் பையன்.

"ஏங்க, சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணா? பெத்த பிள்ளைகிட்ட நாலு வார்த்தை பேசக்கூடவா உங்களுக்கு நேரமில்லை?"

ஆனந்தி சிரித்தாள்.

"சிரிக்க வேற செய்றீங்களா? உங்க வீட்டை லிஸ்ட்லேருந்து அடிச்சிடறேன்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சுப்பம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என்னங்க மேடம், எங்க புள்ள பதிவு சரியில்லையா?"

பதிவில் கேட்டுக் கேட்டு ஷர்மிளாவுக்கு அந்தக் குரல் அத்துப்படி. "காலையில நீங்க, அப்புறம் ஒருத்தங்க, மத்தியானம் இன்னொருத்தங்க... எதுக்குங்க இத்தனை பேர்?"

"புள்ளகிட்டப் பேச முறை போட்டிருக்கோம்ங்க!" சுப்பம்மா நெஞ்சை நிமிர்த்தினாள். "வெள்ளனே சோலிக்குப் போறதுக்கு முந்தி நான். காப்பிப் பழம் பறிச்சிட்டு வந்ததும் இருளாயி. மழையோ காய்ச்சலோ, ஒரு நாள் தவறினதில்ல. போன வாரம் 'ம்மா'ன்னுட்டான்! யாரைப் பாத்துச் சொன்னான்னு லயத்துல ஒரே சண்டை. எங்க புள்ள கம்ப்யூட்டர்ல வரணும்னு நாங்கதான் அன்னக்கொடிகிட்ட அடம்பிடிச்சு மிஷினை வாங்கினோம்."

"அதெல்லாம் சரிங்க. பெத்தவங்க இருக்கையில நீங்க எதுக்கு?"

சுப்பம்மா ஆனந்தியின் தோளைத் தொட்டுத் திருப்பி, கையை ஆட்டி ஆட்டி விஷயத்தைச் சொன்னாள். ஆனந்தி பதறிப்போய்க் கையாலேயே பதில் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது முகமெல்லாம் பெருமை.

"பொறந்ததுலேருந்தே இவளுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதுங்க. 'எங்க வீட்டை அடிச்சிடாதீங்க, அந்த ஏழு பேர் குரலும் என் குரல்தான்'னு சொல்றா."