கண்ணாடியில் கை

மாலை ஐந்தரை. கல்முனை பஸ்ஸில் அறுபது பேர். கிரான்குளம் தாண்டியதும் பாட்டு நின்றது. கொண்டக்டர் சுலக்ஷன் அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு மூன்றாவது யன்னல் சீற்றுக்கு வந்தான்.

அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். வெளியே பார்த்தபடி இருந்தாள். சுலக்ஷன் குனிந்து, அவள் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி, யன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். அப்படியே நின்றான்.

பின் சீற்றில் இருந்த பீற்றிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று களைத்து வருகிறவள். வந்தால் தினமும் இந்தக் காட்சி. பக்கத்தில் இருந்த கடைக்காரத் தோழியின் கையைத் தட்டினாள்.

"பாத்தியா டினோஷா? பாட்டையும் நிப்பாட்டிப்போட்டு வந்திருவான்."

"அந்தப் புள்ளையும் ஒண்டும் சொல்லுதில்லையே, அக்கா."

"பயத்தில விறைச்சுப்போய் இரிக்கு. கண்ணப் பாரு."

பெண் மெல்ல அந்தக் கையைப் பார்த்தாள். எழுந்தாள். குருக்கள்மடத்தில் இறங்கிப் போனாள்.

பீற்றிஸ் சத்தம் போட்டாள். "தம்பி, உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?"

"இரிக்கு அக்கா. நீங்க ரிக்கற் எடுத்தாச்சா?"

பஸ்ஸே சிரித்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இறங்கியதும், பஸ்ஸின் பின்னால் எழுதியிருந்த முதலாளியின் நம்பருக்குப் போன் எடுத்தாள்.

திங்கட்கிழமை புதுக் கொண்டக்டர். விசில் ஊதினான். தகரத்தில் தட்டினான். "குருக்கள்மடம், குருக்கள்மடம்!" என்று கத்தினான். பாட்டு நிற்கவில்லை.

யன்னல் சீற்றுப் பெண் அசையவில்லை. பஸ் புறப்பட்டுவிட்டது.

பீற்றிஸ் எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெண் சூடு பட்டவள்போல அலறி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அடுத்து வந்த செட்டிபாளையத்தில் பீற்றிஸ் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். பெண் தன் பேர் கம்சாயினி என்றாள். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பயப்படாத புள்ள. அவன் இனி வரமாட்டான். நான்தான் சொல்லி நிப்பாட்டினன்."

"அந்த அண்ணாவையா?"

"ஓம். உனக்கு மேல விழுந்து விழுந்து..."

கம்சாயினி ரோட்டைப் பார்த்தபடி, பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள்.

"எனக்கு ஓட்டிசமும் ஏடிஎச்டியும் இரிக்கு. எல்லாச் சத்தமும் ஒரே அளவில கேக்கும். பாட்டு, ஹோர்ன், பின்னால இருமுறது, உங்கட வளையல். தாங்க ஏலாமப் போனா நான் உள்ளுக்குப் போயிருவன். கூப்பிட்டா விளங்காது. தொட்டா எரியும். கண்ணாடியில கை வெச்சா மட்டும் இறங்கிற இடம் வந்திட்டு எண்டு தெரியும். அத நான்தான் அவருக்குச் சொல்லிக்குடுத்தன்."

பீற்றிஸ் வளையல்களைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டாள். "அவன் இத எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஆருக்கும் சொல்ல வேணாம் எண்டு நான் கேட்டனான்." ரோட்டைப் பார்த்தபடியே, "அவர் பஸ்ஸில இரிக்கிறார் எண்டுதான் அம்மா என்னத் தனிய வேலைக்கு விட்டவ" என்றாள்.

பீற்றிஸ் அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் எடுத்தாள்.

"வேற ஆள் போட்டாச்சு அக்கா. நீங்கதானே கரைச்சல் குடுத்தீங்க."

அடுத்த திங்கட்கிழமை, மார்ச் ஒன்பது. மூன்றாவது யன்னல் சீற்றில் வேறு யாரோ இருந்தார்கள். கம்சாயினி வேலையை விட்டு ஒரு வாரமாகியிருந்தது.