தூக்குவாளியின் வயிற்றில்

எவர்சில்வர் பாத்திரத்தைப் படம் எடுப்பதில் ஒரே தொல்லை, எதிரே நிற்பவர்களெல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வதுதான். அதனால் மரியதாஸ் பாத்திரத்தைச் சுற்றி வெள்ளைத் தெர்மாகோல் அட்டைகளை நிறுத்துவான். முன்பக்க அட்டையை அவன் மனைவி ஜெசிந்தா பிடித்துக்கொள்வாள். அதையும் மீறிப் பாத்திரத்தில் ஏதாவது தெரிந்தால், முகமா கறையா என்று பார்க்காமல் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவான். பாத்திரக் கம்பெனி ஒன்றுக்கு ஒன்பது வருடமாக இதுதான் வேலை.

அன்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. “சார், தூக்குவாளி வயித்துல ஒரு அம்மா தெரியறாங்க. எடுத்துட்டு அனுப்புங்க.”

துடைக்க மறந்திருக்கிறான். படத்தைத் திறந்து பெரிதாக்கினான். வாளியின் வளைவில், அட்டைக்கு மேலே, கோணலாக ஜெசிந்தாவின் முகம். அழுதுகொண்டிருந்தாள். “அட்டையை ஆட்டாதே” என்று அப்போது அதட்டியது நினைவுக்கு வந்தது. அவளும் ஆட்டவில்லை.

துடைத்து அனுப்பினான். பிறகு, துடைப்பதற்கு முன்பு எடுத்துவைத்த பழைய படங்களைத் திறந்தான். போன மாதத்துக் குடத்தில் அதே ஈரக் கண்கள். தீபாவளிக்கு எடுத்த டம்ளரிலும்.

“என்னங்க, அடுத்து கரண்டிதான?” ஜெசிந்தா அட்டையோடு வந்து நின்றாள்.

கரண்டியை மேசையில் வைத்தான். அதன் குழிக்குள் அவள் விரல்கள் மட்டும் தலைகீழாகத் தெரிந்தன.

“அட்டையைக் கொஞ்சம் கீழ இறக்கு” என்றான்.

“இறக்கினா நான் தெரிஞ்சிருவேனே” என்று அவள் இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.