கடற்கரைக்குப் போன குழவிக்கல்

கத கட்டல பத்மா. குழவிக்கல்லுதான். அம்மி மேல உருட்டி அரைக்கிறமே, அதேதான். அத்த துண்டுல சுத்தி இடுப்புல வெச்சிகினு கோமளவல்லி திருத்தணியில இருந்து மெட்ராஸ் கடற்கரைக்கு வந்தா. நான் கூடவே போனவ. நீ அப்ப தொட்டில்ல கெடந்த, நீ எப்படி இல்லன்றே?

அறுபத்தெட்டாம் வருசம், தை மாசம். நான், ஜெயம்மா, கோமளவல்லி, மூணு பேரும் ஒரே தெரு. மூணு வூட்லயும் தறி. ஜெயம்மா தம்பி பட்டாளத்துல இருந்து ஒரு கூடாரம் கொண்டாந்திருந்தான். பட்டாளம்னா துப்பாக்கி புடிச்சான்னு நெனைக்காத. ஆறு வருசமும் உருளைக்கெழங்கு தோலு உரிச்சிகினு இருந்தான், அது வேற கத. கடலோரப் பார்க்குல கூடாரம் போட்டு ஒரு நாளு கேம்ப்பு இருக்கலாம்னு ஜெயம்மாதான் கெளப்பி வுட்டா.

காலையில கெளம்பறோம், கோமளவல்லி மாமியாரு பங்காரம்மா நடுத்தெருவுல நின்னு கத்துது.

"பாருங்கடி நாயத்த. நான் ஒரு சட்னி அரைச்சித் தின்னுடுவேன்னு குழவியத் தூக்கிகினு போறா."

"ஆங், உங்கள நம்பி வுட்டுட்டுப் போவ முடியாது அத்தை"ன்னு சொல்லிட்டு இவ பாட்டுக்கு நடக்கறா.

எனக்கு ஒடம்பு கூசிப் போச்சி. "வயசான பொம்பளைய இப்படியாடி பேசுவே?"ன்னேன். அவ நடைய எட்டிப் போட்டா.

ரயில்ல டிக்கெட் பாக்கறவரு துண்டப் பாத்துட்டு, "கொழந்தைக்கு எத்தினி வயசு?"ன்னாரு.

"தெரியாதுங்க. எங்க மாமியாரு கல்யாணத்துக்கு முன்னயே இருந்துது."

அவரு வெரல் வுட்டு வருசம் எண்ணிப் பாத்தாரு. அப்புறம் அடுத்த பெட்டிக்குப் போய்ட்டாரு.

பார்க்குல மணல்ல கூடாரக் கயிறு கட்டற முளை நிக்கல. காத்துக்கு கூடாரம் எழுந்து எழுந்து ஓடுது. கோமளவல்லி துண்டோட குழவிய ஒரு மூலையில வெச்சா. கூடாரம் நின்னுட்சி.

அந்தப் பக்கம் நடந்து வந்த ஒரு அம்மா பாத்துட்சி. "பச்சப் புள்ளைய இந்தப் பனிக்காத்துல மணல்ல போட்டு, கூடாரத்துக்கு அண்ட குடுக்கறீங்களா? மொகத்த வேற மூடி வெச்சிருக்கீங்க. மூச்சு முட்டிடாதா?"

நான் வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கு மூச்சு இல்லம்மா"ன்னேன்.

அந்தம்மா அலறிகினு வாட்ச்மேனத் தேடி ஓட்சி.

ஜெயம்மாவுக்குக் கோவம் வந்துட்சி. "காலையில இருந்து இந்தக் கல்லால மானம் போவுது. மாமியார் அரைக்கக் கூடாதுன்னா இனிமே நீயும் அரைக்காத"ன்னு குழவியத் தூக்கிகினு நேரா கடலுக்கு நடந்தா. அவ பின்னால கோமளவல்லி. அவ பின்னால நானு. என் பின்னால வாட்ச்மேன், விசில் ஊதிகினு. கரையில சுண்டல் தின்னுகினு இருந்தவன்லாம் எழுந்து நின்னுட்டான்.

"போட்டுடாதடி"ன்னு கோமளவல்லி அவ காலப் புடிச்சிகினா. "அத்தையோட அம்மா வூட்டுக் கல்லுடி அது. அதுக்குக் கண்ணு ஆறினதும் திருப்பிக் குடுக்கணும்."

"கண்ணுதான் நல்லா ஆயிட்சின்னுதே? ஊசியில நூலு கோக்கறேன்னுதே?"ன்னா ஜெயம்மா.

"அது சொல்லும். ஆபரேசன் பண்ணி பதினஞ்சி நாளுதான் ஆவுது. குனிஞ்சி அழுத்தி அரைச்சா தையல் பிரிஞ்சி பார்வையே போய்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு. புள்ளைக்குத் தன் கையால அரைச்ச கொழம்பு ஊத்தணும் அதுக்கு. நான் தல மறைஞ்சா அம்மிகிட்ட குந்திக்குது."

"ஒளிச்சி வெக்கறதுதானே?"ன்னேன்.

"நெல்லு குதிருக்குள்ள பொதைச்சி வெச்சேன். தோண்டி எடுத்துட்சி."

"எங்ககிட்டயாவது சொல்லக் கூடாதா? தெருவே உன்ன ராட்சசின்னு பேசுதுடி."

"பேசட்டும் வுடு. மருமவ கெட்டவன்னு நாலு பேருகிட்ட சொல்லிகினு இருந்தா அதுக்குத் தெம்பா இருக்குது. தன்னால ஒண்ணும் ஆவலன்னு தெருவுக்குத் தெரிஞ்சா அது படுத்துடும்."

ஜெயம்மா குழவியக் கீழ எறக்கினா. வாட்ச்மேன் மூச்சு வாங்கிகினு வந்து துண்ட அவுத்தான். கல்லப் பாத்தான். எங்க மூணு பேரையும் பாத்தான். திரும்ப பத்தரமா சுத்தி கோமளவல்லி கையில குடுத்து, "காத்து படாம வெச்சிக்கோங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போனான்.

அப்புறம் கூடாரத்துல குந்தி சோத்து மூட்டைய அவுத்தோம். கோமளவல்லிகிட்ட வெறும் மோருசோறு, ஒரு வெங்காயம். அரைக்க நேரம் இல்லயாம். நானும் ஜெயம்மாவும் எங்க தொவையல்ல ஆளுக்கு ஒரு உருண்டை அவளுக்கு வெச்சோம்.

"வெண்ணெ மாதிரி அரைஞ்சிருக்குதே, யாரு அரைச்சது?"ன்னா. குத்தி எல்லாம் கேக்கல. சும்மாதான் கேட்டா.

நான் கடலப் பாத்தேன். ஜெயம்மா கூடாரத்தப் பாத்தா.

ரெண்டு தொவையலும் விடியக்காலப் பனியில குந்திகினு அரைச்சது எங்க மாமியாருங்க. எங்க அத்தைக்கு அப்ப எழுபத்திரெண்டு வயசு. தெருவுல என்னத்தான் நல்ல மருமவன்னு சொல்லுவாங்க.

சரி, தூத்தல் போடுது. ஏ கமலா, நீயும் கத கேட்டது போதும், மாடியில காயற நூலு சிட்டத்த எடுத்துகினு உள்ள வா.