இரண்டு பாத்தி மிளகாய்

மலேசியாவின் கிள்ளான் ஊர் மிளகாய்த் தோட்டத்தில் தாமரையின் பெயர் எழுதிய பாத்தி முழுக்க அழுகிக் கிடந்தது. குகனின் பாத்தியில் காய் குலுங்கியது.

நோயை எதிர்க்கச் செடிகள் தாமே சுரக்கும் குட்டிப் புரதத்தை, அவள் சங்குப்பூவிலிருந்தும் அவன் மஞ்சளிலிருந்தும் எடுத்து மருந்தாக்கியிருந்தார்கள். இருவரும் வேலை செய்யும் கம்பெனி, ஜெயிப்பதைத்தான் விற்கும்.

“குகன் மருந்து ரொம்ப பவர் லா!” என்றார் தோட்டக்காரர்.

குகனோ தாமரையிடம் வந்து நின்றான். “எப்படிக்கா இப்படி ஆச்சு? உங்க மருந்துதான் ஜெயிக்கும்னு பாஸ்கிட்ட அடிச்சுச் சொன்னேனே!”

தாமரையால் அவனை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அந்த நம்பிக்கை அவளுக்கு இல்லாமல் போயிற்றே! தோற்றுவிடுவோமென்று பயந்து, தெளிப்பதற்கு முந்தின நாள் இரண்டு போத்தல்களின் லேபிள்களையும் மாற்றி ஒட்டியவள் அவள்தான்.

காய் குலுங்கும் அந்தப் பாத்தி அவளுடையது. வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை.