இருபத்தேழாவது புகார்

"பிரேக்கைத்தான் சார் மிதிச்சேன். வண்டி நிக்காம பாய்ஞ்சிடுச்சு. என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன்."

"பிள்ளைங்களை எதுக்கு இழுக்கறீங்க? இங்க வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றார் அதிகாரி.

கார் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பதினெட்டு வருஷ சர்வீஸ். வண்டி விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர். எதிரே உட்காருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே, தப்பு வண்டி மேலா ஆள் மேலா என்று சொல்லிவிடுவார். இதுவரை ஒருவருக்குக்கூட 'வண்டி மேல' என்று சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

எதிரே இருந்தவர் டிரைவர். ஒரு டாக்டரிடம் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் கிளினிக் வாசலில் நிறுத்தப்போன கார், சீறிக்கொண்டு போய் இரும்புக் கேட்டைப் பெயர்த்துவிட்டது. நல்லவேளை, குறுக்கே யாரும் இல்லை.

"வண்டியில கோளாறுன்னு கம்பெனிக்காரங்க எழுதிக் கொடுத்தா வா. இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கோ" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயசில், 'கேட்டை இடிச்ச டிரைவர்' என்ற பேரோடு எங்கே போய் வேலை கேட்பது? அதனால்தான் இந்த நடை.

"பாருங்க" என்று ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார் அதிகாரி. "உங்க வண்டியில இருக்கிற கருவி பதிவு பண்ணினது. அந்த நிமிஷத்துல ஆக்ஸிலரேட்டர் முழுசா அழுத்தியிருக்குன்னு சொல்லுது. கருவி பொய் சொல்லுமா?"

டிரைவர் காகிதத்தை உற்றுப் பார்த்தார்.

"கருவி என் காலைப் பார்த்துச்சா சார்? பெடல்லேர்ந்து என்ன சேதி போச்சோ, அதைத்தானே எழுதியிருக்கு? சேதியே தப்பாப் போயிருந்தா?"

அதிகாரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துச் சமாளித்தார். "அடேங்கப்பா! நீங்க என் நாற்காலிக்கே வந்துடுவீங்க போலிருக்கே!"

பக்கத்து மேஜைப் பெண் மெல்ல ஆரம்பித்தாள். "சார், இதே மாடல்ல இது இருபத்தேழாவது புகார். அத்தனையும் நிறுத்தப்போற நேரத்துல..."

"அதனால என்னம்மா? இருபத்தேழு பேரு கால் மாத்தி மிதிச்சிருக்காங்க. பதற்றத்துல மிதிச்சவங்களுக்கே தெரியாது, எதை மிதிச்சோம்னு. அடுத்த ஃபைலை எடு."

டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். "சார், நீங்க வேலை வாங்கித் தர வேணாம். நான் பொய் சொல்லலைன்னு மட்டும் எழுதுங்க. என் பொண்டாட்டியே 'போகட்டும், ஒத்துக்கிட்டு வந்துடுங்க'ன்னு சொல்லிட்டா. ஒரு ஆளு நம்பினாப் போதும் சார்."

"மனசு வேற, அறிக்கை வேறங்க" என்று பேனாவைத் திறந்தார் அதிகாரி. 'ஓட்டுநரின் தவறு' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

செல்போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க... பதறாதீங்க. நம்ம வண்டி பேங்க் சுவர்ல இடிச்சிடுச்சு."

அதிகாரி எழுந்தேவிட்டார். "ஐயோ! உனக்கு அடி கிடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. சுவர்தான் இடிஞ்சு கிடக்கு. தப்பு என்னோடதுதான். நிறுத்தப்போறப்ப ஆக்ஸிலரேட்டரை மிதிச்சிருப்பேன்."

"மிதிச்சியா? மிதிச்சிருப்பியா?"

மறுமுனையில் அழுகையை அடக்குவது கேட்டது. "பிரேக்கைத்தான் மிதிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா வண்டி பாயுதே! அப்ப என் கால்மேலதானே தப்பு? தினம் ராத்திரி சாப்பிடறப்ப நீங்கதானே சொல்வீங்க, மிதிச்சவங்களுக்கே தெரியாதுன்னு."

"என்ன பேச்சு பேசறே நீ!" அதிகாரியின் குரல் அந்தத் தளம் முழுக்கக் கேட்டது. "இருபது வருஷமா ஓட்டுறவ நீ! உன் காலுக்குப் பிரேக் எதுன்னு தெரியாதா? வண்டியிலதான் ஏதோ கோளாறு! யாருகிட்டேயும் தப்புன்னு ஒத்துக்காதே. நான் இப்ப வர்றேன்!"

போனை வைத்தபிறகுதான் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேஜைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் கம்ப்யூட்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள்.

டிரைவர் மட்டும் முகம் பார்த்துக் கேட்டார். "அம்மாவுக்கு அடி ஒண்ணும் இல்லையே சார்?"

"இல்லை."

"என்ன வண்டி சார்?"

அதிகாரி மேஜையில் இருந்த ஃபைலைத் தொட்டுக் காட்டினார். கேட்டில் மோதி நசுங்கிய காரின் படம் அதில் ஒட்டியிருந்தது.

பேனாவை மூடி வைத்தார். அச்சடித்த அறிக்கையை நான்காகக் கிழித்தார்.

"ஏம்மா, இந்த மாடல் புகார் மொத்தத்தையும் எடுத்து என் மேஜையில வை."

"முடிச்சு வச்ச இருபத்தாறுமா சார்?"

"அதையும்தான். நாளைக்கே எல்லா வண்டியையும் பிரிச்சுப் பார்க்கச் சொல்லு. பெடல்லேர்ந்து ஒவ்வொரு வயரும் பார்க்கணும். நான் கையெழுத்துப் போடறேன்."

கிளம்பப்போனவர் டிரைவருக்கு முன்னால் நின்றார். யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது. எத்தனையோ பேரைப் பேச்சால் மடக்கிய மனிதர் இப்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவ பிரேக்கைத்தாங்க மிதிச்சிருப்பா. பொய் சொல்லமாட்டா."

டிரைவர் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"நான் நம்பறேன் சார்."